லிட்டன் பிரபுவும் துப்பாக்கி உரிமமும்

துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்பும் ஒருவர் இன்று அரசுக்கு மனுச் செய்ய வேண்டும். காவல் நிலையத்திலிருந்து அறிக்கை வர வேண்டும். உரிமம் வழங்கும் அதிகாரி அதனை ஆராய்ந்து ஆணையிட வேண்டும். பொதுவாக எல்லாருக்கும் இந்த நடைமுறை ஒன்றுதான். ஆனால் நம் நாட்டில் ஒரு காலத்தில் இந்தத் தாள் ஒருவனுக்குக் கட்டாயம், அடுத்தவனுக்கு அநாவசியம் என்றிருந்தது. அவ்வாறு பிறப்பைப் பார்த்துப் பேசிய சட்டம் இந்தியாவின் வைசிராயாக இருந்த லிட்டன் பிரபுவின் காலத்தில் பிறந்தது. அவர் வாழ்க்கையைச் சற்றே காண்போம்.

இராபர்ட் புல்வர் லிட்டன் 1831ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை எட்வர்ட் புல்வர் லிட்டன், அந்நாளில் பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியர். பெற்றோர் மனம் ஒவ்வாது பிரிந்தபோது இராபர்ட் சிறு குழந்தை. ஹாரோ பள்ளியிலும் ஜெர்மனியில் பான் நகரிலும் கல்வி பயின்றார். பதினெட்டாம் வயதில், வாஷிங்டனில் தூதராக இருந்த பெரியப்பாவின் அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். பின்னர் பிளாரன்ஸ், வியன்னா, லிஸ்பன் எனப் பல நகரங்களில் தூதரகப் பணி ஆற்றினார். ஓவன் மெரிடித் என்னும் புனைபெயரில் கவிதைகள் எழுதினார். 1860இல் வெளிவந்த 'லூசில்' என்னும் கதைக் கவிதை அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

1875இல் சென்னை மாகாண ஆளுநர் பதவி அவரைத் தேடி வந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டே பிரதமர் டிஸ்ரேலி அவரை வைசிராயாக்கி அனுப்பினார். அவர் வந்த காலம் நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நெஞ்சு நடுங்கப் பேசிய காலம். சென்னை மாகாணத்தில் மக்கள் பசியால் மடிந்துகொண்டிருந்தபோது, 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் டில்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் கோலாகலமாக நடந்தது. கவிஞரின் உள்ளம் பசித்தவர் பக்கம் திரும்பவில்லையே என்று வரலாறு இன்றும் அவரைக் குறை கூறுகிறது.

1878இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்தது. மற்றொன்று ஆயுதச் சட்டம். ஆயுதம் பறிக்கப்படுவது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. பாளையக்காரர் போருக்குப் பின் 1801இல் வந்த பிரகடனம் அதனை முன்பே செய்திருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வடநாட்டிலும் அவ்வாறே நடந்தது. லிட்டன் காலத்துச் சட்டம் அதனை நாடு முழுவதற்குமான ஒரே ஏற்பாடாக்கியது.

அச்சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லின் பொருள் மிக விரிந்தது. துப்பாக்கி, பீரங்கி மட்டுமல்ல. வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டி முனை, வில், அம்பு ஆகியனவும் அதில் அடங்கின. ஆயுதத்தின் உறுப்புகளும், ஆயுதம் செய்யும் இயந்திரங்களும்கூடத் தப்பவில்லை. ஆயுதம் செய்வதற்கும், விற்பதற்கும், ஏந்திச் செல்வதற்கும் உரிமம் வேண்டும். மீறினால் சிறைத்தண்டனை உண்டு.

தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் ஆகிவிடாமல் காப்பது அரசின் கடமை. எனவே உரிமம் கேட்டதை மட்டும் நாம் குற்றமென்று சொல்ல முடியாது. குற்றம் வேறிடத்தில் இருந்தது. யாருக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. அந்த அதிகாரத்தின்படி ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரிமமே தேவையில்லை என்றாயிற்று. இந்நாட்டில் பிறந்து, இந்நாட்டிற்கு வரி செலுத்திய குடியானவனோ காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கத் துப்பாக்கி கேட்டாலும் மனுவோடு அதிகாரியின் வாசலில் நிற்க வேண்டும். மறுத்தால் ஏன் என்று கேட்க வழியில்லை.

1880இல் டிஸ்ரேலி ஆட்சி வீழ்ந்தது. லிட்டனும் பதவி விலகினார். அடுத்து வந்தவர், சென்னை மாநகராட்சிக் கட்டடத்தின் பெயரில் நாம் இன்றும் நினைவுகூரும் ரிப்பன் பிரபு. அவர் பத்திரிகைச் சட்டத்தை 1882இல் நீக்கினார். ஆயுதச் சட்டமோ அப்படியே நின்றது.

1887இல் லிட்டன் பாரிஸ் நகரில் ஆங்கிலத் தூதரானார். அதே ஆண்டின் இறுதியில், பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் காங்கிரஸ் மாநாடு நம் சென்னையில் கூடியது. ஆயுதச் சட்டம் இந்திய மக்கள்மீது சுமத்தப்பட்ட தகாத பழி என்று மாநாடு தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் நுட்பம் எண்ணி வியக்கத்தக்கது. ஆயுதம் வைத்திருக்க எல்லாரையும் அனுமதிக்க வேண்டும். யாருக்கேனும் மறுப்பதானால், அரசு அதற்குரிய காரணத்தை எழுத்தில் பதிந்து வெளியிட வேண்டும் என்று அது கேட்டது. அதுவரை எழுதிக் கொடுக்க வேண்டியவன் குடிமகன் மட்டுமே. இனி அரசும் எழுதட்டும் என்றது சென்னை மாநாடு!

லிட்டன் 1891 நவம்பர் 24ஆம் நாள் பாரிசில் காலமானார். அவர் காலத்துச் சட்டம் அவருக்குப் பின்னும் பல்லாண்டுகள் வாழ்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியருக்கு இனத்தின் பெயரால் தரப்பட்ட விலக்கு நீங்கியது. விடுதலை பெற்ற இந்தியா 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றி, 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கி வைத்திருக்கவும் செய்யவும் இன்றும் உரிமம் வேண்டும், கட்டுப்பாடு தளரவில்லை. ஆனால் உரிமம் மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு. பொதுநலனுக்கு ஊறு நேரும் என்று கருதினாலன்றி, கேட்பவருக்கு அக்காரணத்தைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். 18ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் வழி செய்கிறது. 1887இல் சென்னையில் எழுந்த கோரிக்கையின் ஒரு பகுதியேனும் எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சட்டமாகிவிட்டது.

மாணவ நண்பர்களே, நாளை நம்மில் பலர் அரசு அலுவலகங்களில் அமர்ந்து மனுக்களைப் பெறப்போகிறோம். மனுவில் கையெழுத்திட்டவரின் பிறப்பை நோக்காமல், அவர் கேட்டதை மட்டும் நோக்குவோம். மறுக்க நேர்ந்தால் ஏன் என்பதையும் எழுதிக் கொடுப்போம். லிட்டன் பிரபுவின் சட்டம் செய்யத் தவறிய காரியம் அதுவே.