வைத்தியர் சாமுவேல் கிறீன் சரித்திரம்

உயிர்கள் மலக்கட்டினின்று நீங்குதற்பொருட்டு இறைவன் தனு கரண புவன போகங்களைக் கொடுத்தருளுகின்றான் என்பது நம் சித்தாந்தத் துணிபு. அவற்றுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது உடம்பு. அது நோயுற்றுத் தளருமாயின் சரியை கிரியைகள் முட்டுறும். நூல் ஓதுதலும் கேட்டலும் கைகூடா. ஆதலின் பிறர் உடம்பைப் பேணுவோன், அவருயிர் ஈடேறுதற்கும் ஒருவாற்றாற் றுணைசெய்தோன் ஆகின்றான். அங்ஙனம் யாழ்ப்பாணத் தமிழர்க்கு இருமுறை வந்து ஏறக்குறைய இருபதாண்டு மருத்துவஞ் செய்தவரும், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் கொணர்ந்தவருமாகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் கிறித்தவர், தம் மதத்தைப் பரப்புதற்கென்றே அமெரிக்க மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பட்டு வந்தவர். சைவ நூற்பொருள் ஆராயும் பத்திரிகையில் இவர்க்கு இடம் யாதென அன்பர் சிலர் வினவுதல் கூடும். அதற்கு விடை இவர் வாழ்க்கையே கூறுமாகலின், முதற்கண் அதனைக் கேட்பாராக.

கிறீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்க நாட்டின் மசாசூசெட்ஸ் மாகாணத்து ஊஸ்ரர் நகரையடுத்த கிறீன் ஹில் என்னும் தம் முன்னோர் பண்ணையிற் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் நல்லூரிற் றோன்றியவர் நம் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள். உலகின் இரு கோடிகளிற் பிறந்த இவ்விருவரும் பின்னர்ச் சில மைல் இடையிட்ட ஊர்களில் ஒரே காலத்து உழைக்க நேர்ந்தமை வியப்பே. நாவலர் அவர்கள் மிஷன் பிரசாரத்தை மறுத்துச் சைவம் காத்தார்கள். கிறீன் அப்பிரசாரத்திற்கென வந்தார். கொள்கையில் இருவரும் இருதுருவத்தினர். ஆயினும், தமிழ் வசனநடை எத்தகைய அரும்பொருளையும் தாங்கவல்லது என்னும் துணிபு இருவர்க்கும் பொதுவாயிருந்தது. நாவலர் அதனைச் சமயப்பொருளில் நாட்டினார்கள். கிறீன் மருத்துவப் பொருளில் நாட்டினார்.

கிறீன் நியூயார்க் நகரில் மருத்துவம் பயின்று 1845-இற் பட்டம் பெற்றார். நியூயார்க்கின் பெரும் பூங்கா அமைதற்கு முன்னின்றுழைத்த ஆண்டுரு கிறீன் இவர்க்குத் தமையனார். அந்நகரிலேயே தங்கிப் பொருளீட்டி வாழ வழியிருந்தும், அதனை விடுத்து 1847-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் இருந்து நோயாளரைப் பார்த்து வந்தார். வாந்திபேதியும் வைசூரியும் ஊர்களைப் பாழாக்கிய காலம் அது. தாம் ஒருவராகப் பல்லாயிரவர்க்கு மருந்து கொடுத்தல் இயலாதென உணர்ந்து, உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவங் கற்பிக்கத் தொடங்கினார். இவர்பாற் பயின்று வைத்தியராயினோர் அறுபதின்மர்க்கு மேற்பட்டவர்.

உற்றாரைப் பிரிந்திருந்த இவர் அவர்களை மறந்தாரல்லர். தந்தைக்கும் உடன்பிறந்தார்க்கும் இவர் இடையறாது எழுதிய கடிதங்களே பிற்காலத்து இவர் சரித்திரம் எழுதுதற்குக் கருவியாயின. அந்நூல் 1891-இல் வெளிவந்தது. 1857-இற் றாயகத்துக்குப் புறப்பட்டுச் சென்றவர், 1862-இல் மார்கரெட் என்னும் நங்கையை மணந்து, அவருடன் அவ்வாண்டே மானிப்பாய்க்கு மீண்டார். நோயாளர் கூட்டமும் மாணாக்கர் பாடமும் மொழிபெயர்ப்பும் ஒருபாலாக, மனைவி மக்களைப் பேணும் இல்லறம் ஒருபாலாக, இரண்டனையும் ஒன்றற்கொன்று இடையூறின்றி நடத்தினார். துறவறம் பூண்டார்க்கே தொண்டு உரியதன்று என்பதனை அப்பூதியடிகள் முதலிய நாயன்மார் வாழ்வான் அறிந்த நமக்கு இஃது எளிதின் விளங்கும்.

முதற்கண் இவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அங்ஙனம் கற்றோருட் பலர் கிராமத்தை விடுத்து அரசாங்க உத்தியோகம் தேடி நகரஞ் சென்றனர். அது கண்டு, 1864-ஆம் ஆண்டளவில், இனித் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தல் வேண்டுமென உறுதி கொண்டார். மாணாக்கர் தம் நாட்டு உடையையும் வழக்கங்களையும் விடுத்து ஐரோப்பியரைப்போல் வாழ முற்படுதலை இவர் விரும்பிற்றிலர்.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமன்றே? ஆகவே, தம் மாணாக்கர் சிலரையுந் துணைக்கொண்டு நூல்களைப் பெயர்க்கலாயினார். முன்னரே 1857-இல் உடற்கூறு, சுகாதாரம் பற்றியதொன்றும் பிரசவ வைத்தியம் பற்றியதொன்றுமாக இரு நூல்கள் வெளிவந்திருந்தன. பின்னர் 1867-இல் இரணவைத்தியமும், 1872-இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875-இல் கெமிஸ்தமும், 1883-இல் மனுஷ சுகரணமும் அச்சேறின. இவர் முயற்சியான் வெளிவந்தவை 4,000 பக்கங்களுக்கு மேற்படும். கலைச்சொல் வகுத்தற்கு இவர் கொண்ட முறை நாம் உளங்கொள்ளத்தக்கது. ஒரு பொருட்குத் தமிழ்ச்சொல் உளதாவென முதற்கண் நாடுவார். இல்வழி வடசொற் கொள்வார். அதுவும் இல்வழியே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் வரைவார். அச்சொற்களைத் தொகுத்து அகராதிகளாகவும் வெளியிட்டார்.

1873-இல் உடல்நலங் குன்றிக் குடும்பத்துடன் தாய்நாடு திரும்பினார். அங்கும் ஓய்ந்திருந்தாரல்லர். தமிழெழுத்தறிவார் அருகிய அப்பனிநாட்டில், தாம் பிறந்த ஊரில், மனைவி மக்கள் சூழ இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் திருத்தியும் பெயர்த்தும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வந்தார். மீண்டும் வருதற்கு வாய்த்திலது. 1884-ஆம் ஆண்டு மே மாதம் தம் அறுபத்திரண்டாம் வயதில் தேக வியோகமாயினார். தாம் தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தமையே தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென்பது இவர் விருப்பம். மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை இவர் பெயரான் வழங்குகின்றது.

இனி, முற்கூறிய வினாவிற்கு விடை காண்பாம். இவர் சமயநோக்கு நமக்கு உடன்பாடன்று. அதனை மறைத்துக் கூறுதல் வாய்மையுமன்று. ஆயின், எச்சமயத்தார் எத்தெய்வத்தைக் குறித்துச் செய்யினும், நல்வினைக்குப் பயனளிப்போன் எங்கும் நிறைந்த சிவபெருமானே என்பது நம் ஆசிரியர் துணிபு. பெற்ற நன்றியை மதவேறுபாடு பற்றி மறத்தல் சைவர்க்கு அழகன்று. இவர் மருந்தாற் பிழைத்தோருள் மிகப் பலர் திருநீறிட்ட நெற்றியினர் என்பதனையும் நினைத்தல் வேண்டும்.

வருந்தத்தக்கது பிறிதொன்றுளது. கிறீன் சென்றபின் அத்தமிழ்க்கல்வி நிலைபெறவில்லை. உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயிலாயிருந்தமையின், தமிழ் மாணாக்கரே அதனை விழைந்தனர். அந்நூல்கள் பயில்வாரின்றிக் கிடந்தன. அயலார் ஒருவர் நம் மொழிமேல் வைத்த நம்பிக்கையை நாம் வைத்திலேம். இப்பழி அவரதன்று, நம்மதே.

அவர் முதற்கண் நாடிய தமிழ்ச்சொற்கள் நம் பழைய வைத்திய ஏடுகளில் உள்ளன. அவ்வேடுகளுட் பல, மடங்களிலும் பரம்பரை வைத்தியர் இல்லங்களிலும் செல்லரித்து மாய்ந்தன. எஞ்சியவையேனும் மாயாமற் காத்தல் மடாலயத் தலைவர்கட்கும் கற்றோர்க்கும் கடனாம். தேவாரத் திருமுறைகளை ஏட்டினின்று அச்சேற்றிக் காத்த மரபினர்க்கு இஃது அரியதன்று. அங்ஙனஞ் செய்வோமாயின், மானிப்பாயிலும் ஊஸ்ரரிலும் விளக்கொளியில் தமிழ்ச்சொல் தேடியிருந்த அப்பெரியாருக்கு நாம் பட்ட கடனிற் சிறிதேனும் தீர்த்தோமாவோம். அம்பலவாணர் திருவருள் அதற்கு முன்னிற்பதாக.