கிருமிகளை விழுங்கும் அணுக்களைக் கண்டறிந்த இலியா மெச்னிகோவ்

உடலுக்குள் நுழையும் கிருமிகளை வெள்ளையணுக்கள் சூழ்ந்து விழுங்குகின்றன என்பது இன்று பள்ளிப் பாடம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை முன்வைத்த விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் மருத்துவ உலகின் எதிர்ப்பைச் சந்தித்தார். மருத்துவராக இல்லாத அவரை அந்த உண்மைக்கு இட்டுச் சென்றது, உயிரினங்களின் பரிணாம வளர்ச்சி குறித்த ஆய்வே ஆகும்.

ரஷியப் பேரரசில், தற்போதைய உக்ரைனின் கார்கிவ் நகருக்கு அருகே 1845-இல் பிறந்தவர் மெச்னிகோவ். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர், முதுகெலும்பற்ற கடல்வாழ் உயிரினங்களின் கரு வளர்ச்சியை ஆராய்ந்தார். எளிய உயிரினங்களின் உடலில் நகர்ந்து திரியும் சில அணுக்கள், உணவுத் துகள்களை விழுங்கிச் செரிப்பதை அப்போதே கவனித்தார்.

துயரங்களுக்கு நடுவே...

ஒடெசா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், அவரது முதல் மனைவி லுத்மிலா காசநோயால் 1873-இல் உயிரிழந்தார். மனமுடைந்த மெச்னிகோவ் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். 1875-இல் ஓல்காவை மணந்தார். அவரும் டைஃபாய்டு காய்ச்சலால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மீண்டார். இக்காலகட்டத்தில், விட்டுவிட்டு வரும் ஒருவகைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டவரின் ரத்தத்தை மெச்னிகோவ் தன் உடலில் செலுத்திக்கொண்டு, மீண்டும் மரணத்தின் விளிம்பைத் தொட்டுத் திரும்பினார்.

ரஷியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் 1881-இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்களில் அரசின் அடக்குமுறை அதிகரித்தது. 1882-இல் பதவி விலகிய அவர், குடும்பத்துடன் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குச் சென்றார்.

நட்சத்திர மீனும் ரோஜா முள்ளும்

மெசினாவில் ஒருநாள் குடும்பத்தினர் சர்க்கஸ் காணச் சென்றிருந்தபோது, நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரியை நுண்ணோக்கியில் பார்த்துக் கொண்டிருந்தார் மெச்னிகோவ். உணவை விழுங்கும் அணுக்களே உடலைக் காக்கவும் பயன்படக் கூடும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. தோட்டத்தில் இருந்து ரோஜா முட்களைக் கொண்டுவந்து அந்த உயிரியின் உடலில் செருகினார். மறுநாள் காலை, நகரும் அணுக்கள் முட்களைச் சூழ்ந்து நின்றன.

வீக்கம் என்பது ரத்த நாளங்களில் ஏற்படும் பாதிப்பு என்றும், வெள்ளையணுக்கள் கிருமிகளை உடலெங்கும் பரப்புகின்றன என்றும் அன்றைய மருத்துவர்கள் பலர் கருதினர். ஆனால், அந்த இளம் உயிரிக்கு ரத்த நாளங்களே இல்லை. எனவே, அணுக்கள் திரண்டு காக்கும் முறை ரத்த நாளங்கள் தோன்றுவதற்கும் முற்பட்டது என அவர் முடிவு செய்தார். தொடர்ந்து, தண்ணீர்த் தெள்ளின் உடலில் பூஞ்சை வித்துகளை இந்த அணுக்கள் அழிப்பதையும், அவை தோற்கும்போது உயிரி மடிவதையும் 1884-இல் விளக்கினார்.

எதிர்ப்பும் அங்கீகாரமும்

1888-இல் பாரீஸில் லூயி பாஸ்டரின் நிறுவனத்தில் இணைந்தார். ரத்த நீரில் உள்ள நச்சுமுறிப் பொருள்களே உடலைக் காக்கின்றன என்று ஜெர்மன் அறிஞர்கள் வாதிட்டனர். இரு தரப்பும் உண்மையின் பகுதிகளையே கண்டிருந்தன. ரத்த நீரில் உள்ள பொருள்கள், கிருமிகளை அணுக்கள் விழுங்குவதற்கு ஏற்றவையாக மாற்றுவதை பிரிட்டன் அறிஞர் ஆல்ம்ராத் ரைட் பின்னர் கண்டறிந்தார். 1908-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு, எதிர்த்தரப்பைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் மெச்னிகோவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஒடெசாவில் அவரிடம் பயின்ற வால்டெமர் ஹாஃப்கின், 1893-இல் கொல்கத்தா வந்து காலரா தடுப்பூசி செலுத்தியவர்; 1897-இல் மும்பையில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கியவர். மும்பையில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

இறுதிக் காலத்தில் முதுமை குறித்து ஆராய்ந்த மெச்னிகோவ், புளித்த பாலில் உள்ள பாக்டீரியாக்கள் ஆயுளை நீட்டிக்கும் என நம்பினார். 1916-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தனது 71-ஆவது வயதில் பாரீஸில் காலமானார்.

அவருக்குப் பின்...

டி அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் முதிர்ச்சியடைய மார்பில் உள்ள தைமஸ் சுரப்பி அவசியம். நோயெதிர்ப்பில் அச்சுரப்பியின் பங்கை ஜாக் மில்லர் 1961-இல்தான் வெளிப்படுத்தினார். ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய, தாடையுள்ள முதுகெலும்பிகளிலேயே இது முழுமையான உறுப்பாக உள்ளது. ஃபாக்ஸ்என்1 என்ற மரபணு செயலிழந்தால் தைமஸ் முறையாக உருவாவதில்லை. டி அணுக்களும் போதிய அளவில் உருவாவதில்லை. ஆனாலும், விழுங்கும் அணுக்கள் உடலில் இருந்துகொண்டே இருக்கும்.

நட்சத்திர மீனுக்குத் தைமஸ் கிடையாது. மெச்னிகோவ் அதில் கண்ட தொன்மையான பாதுகாப்பு முறையின் மீதே, பிற்காலத்தில் தோன்றிய தைமஸும் டி அணுக்களும் கட்டமைக்கப்பட்டுள்ளன.