லேடாங் மலை ஏறிய வாலஸ்: மறுத்துப் பேசினார், யார் வாயையும் அடைக்கவில்லை

மஸ்ஜித் தானா - பரிணாமக் கொள்கை என்றதும் பள்ளி மாணவர்களின் நினைவுக்கு வரும் பெயர் சார்லஸ் டார்வின். அதே உண்மையைத் தனியாகச் சிந்தித்துக் கண்டறிந்த இன்னொருவர் நம் மலாக்கா காடுகளில் ஏறத்தாழ இரண்டு மாதம் சுற்றியவர், லேடாங் மலையின் உச்சிவரை ஏறியவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் ஆல்பிரட் ரசல் வாலஸ்.

உயிர்கள் காலப்போக்கில் மாறி வந்தன என்பதைப் பள்ளியில் கற்பிக்கலாமா, அது கடவுள் நம்பிக்கைக்கு எதிரானதா என்ற சர்ச்சை இன்றும் பல நாடுகளில் ஓயவில்லை. அதைப் பேசுவோர் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை வாலஸுடையது.

*வறுமையில் வளர்ந்தவர்*

வாலஸ் 1823 ஜனவரி 8-ஆம் தேதி வேல்ஸ் பகுதியில் உஸ்க் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். குடும்பம் நொடித்துப் போனதால் 14 வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. பல்கலைக்கழக வாசலை அவர் மிதித்ததில்லை. அண்ணனுடன் சேர்ந்து நிலம் அளக்கும் வேலை பார்த்தார். வயல்வெளிகளில் அளவுச் சங்கிலியோடு நடந்த அந்த நாட்களில்தான் செடிகொடிகள் மீது ஆர்வம் பிறந்தது. பிறகு லெஸ்டர் நகரில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார்.

1848-இல் நண்பர் ஹென்றி பேட்ஸுடன் அமேசான் காட்டுக்குப் போனார். பூச்சி, பறவைகளைப் பிடித்துப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்பி விற்பதே பிழைப்பு. நான்கு ஆண்டுகள் கழித்து 1852-இல் திரும்பும் வழியில் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. சேகரித்தவற்றில் பெரும்பகுதி சாம்பலானது. 10 நாட்கள் சிறு படகில் தத்தளித்த பிறகே வேறொரு கப்பல் வந்து காப்பாற்றியது. இனிமேல் கடல் பயணமே வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால் 1854 ஏப்ரல் மாதம் அவர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

*மலாக்காவில் வாலஸ்*

சிங்கப்பூரில் புக்கிட் தீமா அருகே, சீனக் கிறிஸ்தவர்களுக்காக நடத்தப்பட்ட பிரெஞ்சு கத்தோலிக்கப் பாதிரியார் இல்லத்தில் தங்கிப் பூச்சி பிடித்தார். அவ்வாண்டு ஜூலையில் மலாக்கா வந்தார்.

அன்றைய மலாக்காவில் ரப்பர் தோட்டம் கிடையாது. தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு வணிகப் பயிராக்கியது 1896-இல்தான். வாலஸ் பார்த்தது மிளகு, காம்பியர் தோட்டங்களையும் ஈய லம்பங்களையும் பெருங்காட்டையும்தான்.

காடிங் என்ற சிற்றூரில், பாதிரியார்களின் சிபாரிசோடு, மதம் மாறிய சீனர்களின் வீட்டில் இரண்டு வாரம் தங்கினார். வீடு என்பதைவிடக் கொட்டகை என்பதே பொருந்தும். அங்கே காய்ச்சல் பிடித்தது. கொய்னா மருந்து தின்று எழுந்து, ஆயர் பானாஸில் இருந்த அரசாங்க பங்களாவுக்குப் போனார். பிறகு ஆறு மலாய்க்காரர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அன்று ஓபிர் மலை என்று ஆங்கிலேயர் அழைத்த லேடாங் மலை ஏறினார். வழியில் தாகம் எடுத்தபோது, குடுவைச் செடிகளில் தேங்கிய நீரைப் பூச்சிகள் மிதந்தும் பொருட்படுத்தாமல் குடித்தார்கள்.

கடவுளின் ஊழியர்களே அவருக்குத் தங்க இடமும் அறிமுகமும் கொடுத்தார்கள். அவரோ மதப் பிடிப்பை இளமையிலேயே விட்டிருந்தார். இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கு அது தடையாக இருக்கவில்லை.

*தெர்னாத்தே தீவிலிருந்து ஒரு கடிதம்*

அடுத்த ஆண்டு சரவாக்கில் இருந்தபோது, ஒவ்வோர் உயிரினமும் தனக்கு நெருக்கமான முந்தைய இனம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று எழுதினார். அது எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு 1858 பிப்ரவரியில் விடை கிடைத்தது. காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்த எண்ணம் உதித்தது.

தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிப்பவர்களுக்கு அந்த விடை எளிதில் விளங்கும். ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தால் பெரும்பாலான புல் சாகும். மருந்தைத் தாங்கும் இயல்போடு பிறந்த சில மட்டும் பிழைக்கும். அவற்றின் விதையே நிலமெங்கும் பரவும். கடைசியில் அந்த மருந்துக்கு அடங்காத புல்லே மிஞ்சும். இயற்கையும் இப்படித்தான் சூழலுக்குப் பொருந்தியவற்றை மிச்சம் வைக்கிறது. இதுவே இயற்கைத் தேர்வு.

வாலஸ் அதை எழுதித் தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பினார். 20 ஆண்டுகளாக அதே கருத்தை வெளியிடாமல் வைத்திருந்த டார்வின் திகைத்தார். 1858 ஜூலை 1-ஆம் தேதி இருவரின் எழுத்தும் லண்டனில் லின்னேயன் சங்கத்தில் சேர்த்து வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் நூல் வந்தது. புகழ் டார்வினைச் சேர்ந்தது. வாலஸ் பொறாமைப்படவில்லை. எட்டு ஆண்டுகளில் 1,25,000-க்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகளைச் சேகரித்துவிட்டு 1862-இல் நாடு திரும்பினார். 1869-இல் வெளியிட்ட மலாய்த் தீவுகள் பற்றிய பயண நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார்.

*வேதத்தின் பெயரால் வந்த வம்பு*

1870-இல் ஜான் ஹாம்டன் என்பவர், பைபிளின்படி பூமி தட்டையானது என்றும், வளைவை நிரூபித்தால் 500 பவுன் தருவதாகவும் சவால் விட்டார். வாலஸ் ஏற்றார். ஆறு மைல் நீளமுள்ள நேரான கால்வாய் ஒன்றில், நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் குறிகளை வைத்துத் தொலைநோக்கியால் காட்டினார். நடுவில் இருந்த குறி மேலே தூக்கித் தெரிந்தது. நடுவர் வாலஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

ஹாம்டன் ஒப்புக்கொள்ளவில்லை. வாலஸை மோசடிக்காரர் என்று ஊருக்கெல்லாம் எழுதினார். வாலஸின் மனைவிக்கே மிரட்டல் கடிதம் அனுப்பிச் சிறைக்கும் போனார். பந்தயப் பணம் சட்டப்படி செல்லாது என்று வழக்கில் முடிவானதால், வாலஸ் வென்றும் நஷ்டப்பட்டார். கண்ணெதிரே காட்டினாலும் ஏற்காதவரிடம் சான்று எடுபடாது என்பதை அவர் பணத்தையும் நிம்மதியையும் இழந்து கற்றார்.

*தன் கொள்கையிலேயே வேறுபட்டவர்*

இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த வாலஸே, 1869-இல் அதற்கு ஓர் எல்லை வகுத்தார். மனித உடல் விலங்குகளிலிருந்து வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணிதம், இசை, அறம் ஆகியவற்றை உணரும் மனம் இயற்கைத் தேர்வால் மட்டும் வந்திருக்க முடியாது, அதற்கு மேலான ஒரு சக்தி துணை நின்றிருக்க வேண்டும் என்று எழுதினார். ஆவி உலகத்தையும் நம்பினார்.

டார்வின் மனம் வருந்தினார். மற்ற அறிவியலாளர்களும் ஏற்கவில்லை. அந்த வேறுபாடு எழுத்தில் நடந்த வாதமாகவே இருந்தது. யாரும் யாரையும் தடை செய்யக் கேட்கவில்லை. பண நெருக்கடியில் இருந்த வாலஸுக்கு 1881-இல் ஆண்டுக்கு 200 பவுன் அரசு ஓய்வூதியம் கிடைக்க முன்னின்றவர் டார்வின். மறு ஆண்டு டார்வின் மறைந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் வாலஸும் ஒருவர். 1889-இல் தாம் எழுதிய நூலுக்கு அவர் வைத்த தலைப்பு 'டார்வினியம்'.

90 வயது வரை வாழ்ந்த வாலஸ் 1913 நவம்பர் 7-ஆம் தேதி காலமானார்.

*பள்ளிக்கு வந்த தடை*

அவர் மறைந்து 12 ஆண்டுகளில், அமெரிக்காவின் டென்னசி மாநிலம் மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் என்று பொதுப் பள்ளிகளில் கற்பிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. டேட்டன் நகரின் இளம் ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் 1925 ஜூலையில் விசாரிக்கப்பட்டு, 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார். இத்தனைக்கும் அவர் பயன்படுத்தியது மாநிலமே அங்கீகரித்த பாடநூல். மேல் நீதிமன்றம் 1927-இல் நடைமுறைக் கோளாறு காட்டி அபராதத்தை நீக்கினாலும், அந்தச் சட்டம் 1967 வரை நீடித்தது. மேலான சக்தியை நம்பிய வாலஸ் உயிரோடு இருந்து அங்கே பாடம் நடத்தியிருந்தால், அவரும் குற்றவாளிதான்.

இந்தியாவில் 2018-இல் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் சொன்னது தவறு, பாடத்திட்டத்திலிருந்து அதை மாற்ற வேண்டும் என்றார். அறிவியல் கழகங்கள் எதிர்த்தன. 2023-இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 10-ஆம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டது. அதை மீண்டும் சேர்க்கக் கோரி 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டனர்.

கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகிற பிள்ளை வகுப்பில் பரிணாமத்தைப் படிப்பதால் நம்பிக்கையை இழந்தே தீரும் என்பதில்லை. படித்துவிட்டு வாலஸைப்போல் கேள்வி கேட்கலாம், மாறுபடலாம். பாடமே இல்லாமல் போனால், ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் இருக்காது.