வகுப்பறையில் வேர்விட்ட கலைக்களஞ்சியம் – பெரியசாமித் தூரன்

தமிழிசை மேடைகளில் இன்றும் ஒலிக்கும் கீர்த்தனங்களின் வழியாகப் பெரியசாமித் தூரனை அறிந்தோர் பலர். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் என அவரைப் போற்றுவோரும் உளர். இவ்விரு பெருமைகளும் வந்து சேருமுன் அவர் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். பின்னாளில் அவர் ஆற்றிய பெரும்பணிகள் யாவும் அந்த வகுப்பறை மண்ணில் வேர்விட்டவை என்பது போதிய அளவு எண்ணப்படவில்லை.

ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியிலுள்ள மஞ்சக்காட்டுவலசு அவர் பிறந்த சிற்றூர். 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் வேளாண் குடியொன்றில் தோன்றினார். தூரன் என்பது குலப்பெயர். அதுவே புனைபெயராகவும் நிலைத்தது. ஈரோட்டில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக்குச் சென்று கல்லூரியில் கணிதம் பயின்றார். கணிதம் கற்ற அம்மாணவர் நண்பர்களோடு கூடிப் ‘பித்தன்’ என்னும் இதழை நடத்தினார் என்பது அவர் உள்ளம் எத்திசையில் ஓடியது என்பதற்குச் சான்று.

1931 மார்ச் 23இல் பகத்சிங் லாகூரில் தூக்கிலிடப்பட்டார். அச்செய்தி தூரனை உலுக்கிற்று. இறுதித் தேர்வு நெருங்கியிருந்த வேளை அது. அத்தேர்வை எழுத அவர் மறுத்துவிட்டார். மானாவாரி நிலத்தையும் கிணற்று நீரையும் நம்பி வாழ்ந்த குடும்பத்திற்கு மகனின் பட்டம் எத்தகைய நம்பிக்கை என்பதைக் கொங்குச் சீமையில் விளக்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையைக் கைவிட்டு மனச்சான்றின் வழி நின்றவரே பின்னர் இளைஞர்க்கு ஆசிரியரானார். தானே எண்ணித் துணிதல் என்னும் பாடத்தை அவர் தம் வாழ்வில் முன்னரே எழுதியிருந்தார்.

கோபிசெட்டிபாளையத்து வைரவிழா உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றிய பின், கோவைப் பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் விளங்கினார். தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தோற்றுவித்த நிறுவனம் அது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கி வாழும் குருகுல நெறி அங்கே நிலவியது. அத்தகைய இடத்தில் பாடவேளை முடிந்ததும் மாணவன் ஆசிரியரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுவதில்லை. அவனுடைய ஏக்கம், சினம், அச்சம், நாணம் அனைத்தும் அன்றாடம் புலப்படும்.

அவ்வாறு கண்டவற்றின் பொருளைத் தேடும் முயற்சியே தூரனை உளவியலுக்கு இட்டுச் சென்றது எனலாம். ‘குழந்தை உள்ளம்’, ‘குமரப் பருவம்’, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘அடிமனம்’ ஆகிய நூல்கள் அத்தேடலின் விளைவுகள். வியன்னாவில் பிராய்டும் ஆட்லரும் வகுத்த கொள்கைகளைக் கொங்கு நாட்டுப் பெற்றோரும் ஆசிரியரும் உணரும் எளிய தமிழில் அவர் எழுதினார். பிரம்பே ஆசானின் அடையாளம் என்றிருந்த காலம் அது. அடங்காத மாணவனைத் தண்டிக்குமுன் அவன் ஏன் அடங்கவில்லை என்று வினவும் துறையை ஆசிரியர் உலகின்முன் அவர் வைத்தார். வினவும் உரிமையை மாணவனுக்கு வழங்க விரும்பும் ஆசிரியன் முதலில் மாணவனைக் குறித்துத் தானே வினவிக்கொள்ள வேண்டும் என்பது இந்நூல்கள் உணர்த்தும் நெறி.

முப்பதுகளின் இறுதியில் சென்னை மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி வழிக் கல்வி கால்கொள்ளத் தொடங்கியது. மொழி வந்தது, நூல்கள் வரவில்லை. பாடநூலுக்கு அப்பால் ஓர் ஐயம் எழுந்தால் அதைத் தமிழில் தீர்த்துக்கொள்ள மாணவனுக்கு வழியில்லை. ஆசிரியர் கூறுவதை ஒப்புநோக்கிச் சரிபார்க்க மற்றொரு நூல் இல்லாத இடத்தில் சிந்தனை எங்ஙனம் வளரும்? மனப்பாடமே எஞ்சும்.

இந்தக் குறையைத் தீர்க்க எழுந்ததே தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத் திட்டம். 1948இல் அதன் தலைமைப் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றுத் தூரன் சென்னை சென்றார். 1954இல் முதல் தொகுதி வெளிவந்தது. 1968இல் பத்தாம் தொகுதியோடு பணி நிறைவெய்தியது. உடனே குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியம் தொடங்கிற்று. அதன் பத்துத் தொகுதிகளும் 1976க்குள் முடிந்தன. துறைதோறும் அறிஞரைத் தேடி, கலைச்சொல் இல்லாத இடத்தில் சொல்லாக்கி, பலருடைய நடையை ஒருநிலைப்படுத்திய உழைப்பு அது. 1968இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது.

இங்கே கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. நாற்பதிலிருந்து அறுபத்தெட்டு வரையிலான வயது படைப்பாளன் ஒருவனின் விளைச்சற் காலம். அக்காலத்தின் பெரும்பகுதியைப் பிறர் எழுதிய கட்டுரைகளைச் செப்பனிடுவதில் தூரன் செலவிட்டார். கவிதையும் கதையும் நாடகமும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. எனினும் அவை கிடைத்த நேரத்தின் படைப்புகளாகவே அமைந்தன. இதனை இழப்பு என்பதா, ஈகம் என்பதா? இழப்பும் உண்மை, அதை அறிந்தே ஏற்றார் என்பதும் உண்மை. அவ்வாறு அறிந்து ஏற்பதையே ஈகம் என்கிறோம்.

பழைய சுதேசமித்திரன் இதழ்களைத் துருவிப் பாரதியின் எழுத்துகளைக் காலவரிசையில் தொகுத்துப் ‘பாரதி தமிழ்’ என்னும் நூலாக்கியதும், நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிக் ‘காற்றில் வந்த கவிதை’ ஆக்கியதும் இதே மனப்பாங்கின் பிற முகங்கள். ஒரு கவிஞனைப் புகழ்வதற்குமுன் அவன் எழுதியதை முழுமையாகத் தேடிக் காண்க என்னும் திறனாய்வுப் பாடம் முன்னதில் உண்டு. ஏட்டில் ஏறாத உழவன் பாட்டும் இலக்கியமே என்னும் பாடம் பின்னதில் உண்டு.

1987ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் தூரன் மறைந்தார். பல்லடத்திற்குக் கிழக்கே அவர் பிறந்த ஊர்; மேற்கே அவர் கற்பித்த பள்ளி. இடைப்பட்ட இம்மண்ணில் தறியோசைக்கு நடுவே கவிதை பேசக் கூடுவோர்க்கு அவர் வாழ்வு ஓர் அளவுகோல். எத்தனை நூல் எழுதினோம் என்பதோடு, எத்தனை இளையோர் தாமே எண்ணிப் பார்க்க வழி செய்தோம் என்றும் அது கேட்கிறது.