காவிரிக் கரையிலிருந்து கேம் நதிக்கரைக்கு

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 32 ஆண்டுகளே வாழ்ந்தார். அவற்றுள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இங்கிலாந்தில் கழிந்தன. உலகப் புகழ் அவரைத் தேடி வந்தது அந்த ஐந்து ஆண்டுகளில்தான். அவருடைய உடல்நலம் சீர்குலைந்ததும் அதே ஆண்டுகளில்தான். ஒரே ஊர் ஒருவருடைய அறிவுக்குத் தாய்வீடாகவும் உடலுக்கு அந்நிய மண்ணாகவும் இருக்க முடியுமா? இராமானுஜனின் கேம்பிரிட்ஜ் வாழ்க்கை இக்கேள்விக்கு விடை தருகிறது.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். அவருடைய தந்தை ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதி வந்தார். வீட்டில் வசதி குறைவு. பள்ளியில் சிறந்து விளங்கிய இராமானுஜன், கல்லூரியில் சேர்ந்த பிறகு கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செலுத்தவில்லை. அதனால் மற்றப் பாடங்களில் தேர்ச்சி பெறாமல் உதவித்தொகையை இழந்தார். பட்டம் இல்லாமல் வேலை தேடி அலைந்தவருக்கு 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். காகிதம் வாங்கப் பணம் போதாத நாள்களில் அவர் கற்பலகையில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

1913ஆம் ஆண்டு ஜனவரியில் தம் கண்டுபிடிப்புகள் சிலவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடிதத்தைப் படித்த ஹார்டி வியந்துபோனார். முகமறியாத அந்த எழுத்தரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க விரும்பினார்.

ஆனால், புறப்படுவது எளிதாக இல்லை. கடல் கடந்து செல்பவர்களைச் சமூகத்திலிருந்து விலக்கி வைக்கும் வழக்கம் அக்காலத்தில் அவருடைய வகுப்பாரிடையே இருந்தது. தாயார் கோமளத்தம்மாளும் முதலில் இசையவில்லை. 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெவில் என்ற இளம் கணித அறிஞர் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்தார். அவர் இராமானுஜனுடன் பழகி, அவருடைய தயக்கங்களைப் பொறுமையாகக் கேட்டு நம்பிக்கை ஊட்டினார். இறுதியில் தாயாரும் சம்மதித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. அதில் ஒரு பகுதியைக் குடும்பத்திற்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார் இராமானுஜன்.

பயணத்திற்கு முன்பே புதிய ஊர் அவரை மாற்றத் தொடங்கியது. வேட்டி கட்டியே பழகியவர் காற்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணியக் கற்றுக்கொண்டார். கையால் உண்டு பழகியவர் முள்கரண்டியையும் கத்தியையும் பிடிக்கப் பழகினார். இவற்றை அவர் பொறுத்துக்கொண்டார். குடுமியை இழப்பதுதான் அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தது. தாயையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்ட பிறகே, அவர்கள் கண்ணில் படாதபடி, அதை வெட்டிக்கொண்டார்.

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அவருடைய கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. முதல் சில நாள்கள் கடல் அவரைப் படுத்தி எடுத்தது. சூயஸ் கால்வாயைக் கடந்து, ஏப்ரல் 14ஆம் நாள் அவர் லண்டனை அடைந்தார். துறைமுகத்தில் நெவில் காத்திருந்தார். இந்திய மாணவர்களை வரவேற்றுத் தங்கவைக்கும் விடுதியில் சில நாள்களைக் கழித்த இராமானுஜன், பிறகு நெவிலுடன் கேம்பிரிட்ஜ் சென்றார். முதல் சில வாரங்கள் நெவிலின் வீட்டிலேயே தங்கினார். நெவிலும் அவருடைய மனைவி ஆலிஸும் அவரை அன்புடன் கவனித்துக்கொண்டனர்.

கேம்பிரிட்ஜ், கும்பகோணத்தைப் போலவே ஆற்றங்கரையில் அமைந்த ஊர். காவிரிக்குப் பதிலாக அங்கே கேம் நதி ஓடியது. கோயில் கோபுரங்கள் உயர்ந்து நிற்கும் ஊரிலிருந்து வந்தவரைக் கல்லூரிக் கோபுரங்கள் வரவேற்றன. கும்பகோணத்தில் இராமானுஜன் பயின்ற கல்லூரிக்குத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்ற சிறப்புப் பெயரும் இருந்தது. அவர் சென்றிறங்கியதோ இளவேனிற்காலம். மரங்கள் துளிர்த்திருந்தன, பகல் பொழுது நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது. ஹார்டி, நெவில் முதலியோர் செருக்கின்றிக் கனிவுடன் பழகுவதாக அவர் ஊருக்குக் கடிதம் எழுதினார்.

ஜூன் மாதத்தில் அவர் திரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபெயர்ந்தார். ஹார்டியின் அறை சில நிமிட நடைத் தூரத்தில் இருந்தது. இத்தனை ஆண்டுகளாகத் தனியே சிந்தித்து வந்தவருக்குத் தம் சிந்தனையைப் புரிந்துகொள்ளும் மனிதர்கள் கிடைத்துவிட்டனர். வயிற்றுப்பாட்டுக்காக அலையவேண்டிய நிலையும் நீங்கியது. அறிவைப் பொறுத்தவரை, அவர் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்துவிட்டார்.

உடலின் கதை வேறாக இருந்தது. செருப்புக்கும் வெறுங்காலுக்கும் பழகிய பாதங்களைக் காலணிகள் வருத்தின. கல்லூரி முற்றத்தை அவர் மெல்லிய செருப்புடன் கடந்து செல்வதைப் பிறர் கண்டனர். சைவ உணவு மட்டுமே உண்ணும் அவர், கல்லூரி உணவுக்கூடத்தில் மற்றவர்களோடு அமர்ந்து உண்ணவில்லை. தம் அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கிவிட்டால் சமைப்பதற்கும் உண்பதற்கும் நேரம் காலம் இருக்காது. சோறும் சிறிது உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் போதும் என்று ஒரு கடிதத்தில் அவர் தெரிவித்தார். படிப்பவர் கவலைப்படக்கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம்.

குளிர்காலம் வந்தது. பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருள் கவிந்தது. அப்போது கேம்பிரிட்ஜில் பயின்றுவந்த மஹலனோபிஸ் என்ற வங்காள மாணவர் இராமானுஜனின் நண்பரானார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் இவரே. ஒருநாள் அவர், இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று இராமானுஜனிடம் விசாரித்தார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர் நடுக்குவதாக இராமானுஜன் கூறினார். மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் போதிய அளவு இருந்தன. அவை மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவர் அத்தனை நாள்களும் கம்பளிகளுக்கு மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். மஹலனோபிஸ் கம்பளியை விலக்கிப் படுக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார்.

இது வெறும் வேடிக்கைக் கதையன்று. மேதைகளே வியந்த கணக்குகளைப் போட்டவருக்கு ஒரு படுக்கையின் அமைப்புப் புரியவில்லை. பாயில் படுத்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? அவ்வூரில் பிறந்தவர்களுக்கோ அது சொல்லித்தர வேண்டிய செய்தியாகவே தோன்றவில்லை. இராமானுஜனும் கேட்கக் கூச்சப்பட்டார். ஒரு நண்பர் அக்கறையுடன் கேட்ட பிறகுதான் வழி பிறந்தது.

இதற்கிடையே, 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்து முதல் உலகப் போரில் இறங்கியிருந்தது. மாணவர்கள் பலர் போர்முனைக்குச் சென்றனர். இராமானுஜனின் கணிதத் திறனை ஹார்டியுடன் சேர்ந்து முதலில் ஆராய்ந்த லிட்டில்வுட் என்ற அறிஞரும் இராணுவப் பணிக்குச் சென்றார். திரினிட்டி கல்லூரியின் ஒரு பகுதி, காயமடைந்த வீரர்களுக்கான மருத்துவமனையாகச் சிறிது காலம் பயன்பட்டது. உணவுப் பொருள்கள் அரிதாயின. கடல் பயணம் ஆபத்தானதால் நினைத்தபோது ஊர் திரும்பவும் வழியில்லை.

தனிமை அவரை எவ்வளவு மென்மையானவராக ஆக்கியிருந்தது என்பதை இன்னொரு நிகழ்ச்சி காட்டுகிறது. ஒருமுறை அவர் இந்திய நண்பர்கள் சிலரை விருந்துக்கு அழைத்தார். தாமே சமைத்த ரசத்தைப் பரிமாறினார். அவர்கள் சுவைத்து உண்டு, மீண்டும் வாங்கிக்கொண்டனர். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது போதும் என்று மறுத்தனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. தம் உணவை விருந்தினர் விரும்பவில்லை என்று மனம் வருந்தி, அவர் ஊரைவிட்டே சென்றுவிட்டார். சில நாள்கள் கழித்தே திரும்பி வந்தார். அந்த அந்நிய ஊரில் ஒரு கிண்ண ரசத்தோடு அவர் பரிமாறியது தம் வீட்டையே அல்லவா!

இத்தனை இடர்களுக்கு நடுவிலும் அவருடைய ஆராய்ச்சி தளரவில்லை. 1916ஆம் ஆண்டு, தம் ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் பட்டத்தைப் பெற்றார். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல் வடிவில் எழுதலாம் என்ற கேள்வியை ஹார்டியுடன் சேர்ந்து ஆராய்ந்தார். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாக எழுதலாம். 100 என்னும் எண்ணுக்கோ 190,569,292 விதங்கள் உள்ளன! இவற்றை ஒவ்வொன்றாக எண்ணாமல் மிகத் துல்லியமாகக் கணக்கிட இருவரும் ஒரு சூத்திரத்தைக் கண்டனர். 1918ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு, திரினிட்டி கல்லூரியின் ஆய்வறிஞர் தகுதியைப் பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது.

ஆனால், 1917ஆம் ஆண்டிலேயே அவர் நோயில் விழுந்திருந்தார். மருத்துவமனைகள் மாறின, நோய் நீங்கவில்லை. காசநோய் என்று மருத்துவர்கள் கருதினர். பின்னாளில் ஆராய்ந்த சிலர், இந்தியாவிலேயே தொற்றிய கல்லீரல் நோயாக இருக்கலாம் என்கின்றனர். எனவே, குளிரும் உணவுக் குறையும் மட்டுமே அவரை வீழ்த்தின என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், அவை அவருடைய உடலை மேலும் வாட்டின என்பதில் ஐயமில்லை.

1919ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பினார். நோய்ப்படுக்கையிலும் புதிய கணித உண்மைகளைக் கண்டறிந்து ஹார்டிக்கு எழுதினார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் காலமானார்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1936ஆம் ஆண்டு, ஹார்டி அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இராமானுஜனைப் பற்றி உரையாற்றினார். இராமானுஜன் இளமையில் எந்த நூல்களைப் படித்தார் என்பதைத் தாம் கேட்டு அறிந்துகொள்ளவே இல்லை என்று அப்போது வருந்தினார். நாள்தோறும் புதுப்புதுத் தேற்றங்களைக் கொண்டுவந்த நண்பரிடம் அத்தகைய கேள்விகளைக் கேட்பது அன்று அவருக்கு முக்கியமாகத் தோன்றவில்லை. இராமானுஜனின் மேதைமையை உலகுக்குக் காட்டியவர் அவர். அவருக்கே, கேட்கத் தவறிய கேள்விகள் இருந்தன.

புதிய ஊருக்கு வருபவரின் திறமை விரைவில் எல்லார் கண்ணிலும் படும். அவர் இரவில் குளிரில் நடுங்குவது படாது. வந்தவர் தயங்காமல் கேட்கவேண்டும். அங்கிருப்பவர் அவர் கேட்கும்வரை காத்திராமல் விசாரிக்கவேண்டும். மஹலனோபிஸ் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அன்றிரவு முதல் இராமானுஜன் கம்பளிக்குள் உறங்கினார்.