ஜான் ஹாரிசன்

ஜான் ஹாரிசன் (மார்ச் 24, 1693 – மார்ச் 24, 1776) இங்கிலாந்தைச் சேர்ந்த தச்சரும் கடிகாரப் பொறியாளரும் ஆவார். கடற்பயணத்தின்போதும் துல்லியமாக நேரம் காட்டும் கடிகாரத்தை முதன்முதலில் உருவாக்கியவர் இவரே. இதன் மூலம், நடுக்கடலில் கப்பல் இருக்கும் தீர்க்கரேகையை அறிவது எப்படி என்ற நீண்டகாலச் சிக்கலுக்கு நடைமுறைத் தீர்வு கிடைத்தது. இவர் முறையான பள்ளிக் கல்வியோ, கடிகாரத் தொழிலில் பயிற்சியோ பெற்றவர் அல்லர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே சிக்கலைப் பிடித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கடிகாரங்களைச் செய்தார். ஒவ்வொன்றின் குறையையும் தாமே கண்டறிந்து அடுத்ததைத் திருத்தியமைத்ததால், பொறியியல் வடிவமைப்பு முறையை விளக்குவதற்கு இவரது வாழ்க்கை மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும்.

இளமை

ஹாரிசன் யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்டுக்கு அருகிலுள்ள ஃபௌல்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். குடும்பம் பின்னர் லிங்கன்‌ஷயரில் உள்ள பாரோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையின் தொழிலைக் கற்றுக்கொண்ட ஹாரிசன், இயற்பியல் விரிவுரைகளின் கையெழுத்துப்படி ஒன்றை இரவல் பெற்று முழுவதையும் படியெடுத்துப் படித்தார்.

1713-ஆம் ஆண்டு, தம் இருபதாவது வயதில் முதல் கடிகாரத்தைச் செய்தார். அதன் பற்சக்கரங்கள் உட்பட ஏறத்தாழ எல்லாப் பாகங்களும் மரத்தால் ஆனவை. தச்சருக்குக் கைவந்த பொருள் மரம்தானே. 1720-களின் தொடக்கத்தில் பிராக்கிள்ஸ்பி பூங்கா என்னும் பெருந்தோட்ட மாளிகைக்கு ஒரு கோபுரக் கடிகாரம் செய்தார். அக்காலத்தில் கடிகாரங்களைப் பெரிதும் பாழாக்கியது அவற்றில் இடப்பட்ட எண்ணெய்தான். குளிரில் கெட்டியாகியும் நாளடைவில் பிசுபிசுத்தும் அது இயக்கத்தைக் குலைத்தது. நல்ல எண்ணெய் தேடுவதை விட்டுவிட்டு, எண்ணெயே தேவைப்படாத கடிகாரத்தைச் செய்தார் ஹாரிசன். லிக்னம் வைட்டே என்னும் மரம் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உடையது. உராயும் இடங்களில் அவர் அம்மரத்தைப் பொருத்தினார்.

தம்பி ஜேம்சுடன் சேர்ந்து மேலும் இரு புதுமைகளைச் செய்தார். வெப்பத்தில் ஊசற்கம்பி நீண்டால் கடிகாரம் மெதுவாகும். இதைத் தடுக்கப் பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாறி மாறி அடுக்கி, ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடுசெய்யுமாறு ஊசலை அமைத்தார். மற்றொன்று, பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் பொறியமைவு. ஏறத்தாழ உராய்வே இன்றி இயங்கிய அது, அசையும் விதத்தால் வெட்டுக்கிளி எனப் பெயர் பெற்றது.

தீர்க்கரேகைச் சிக்கல்

அட்சரேகையைச் சூரியனின் அல்லது துருவ விண்மீனின் உயரத்தைக் கொண்டு மாலுமிகள் எளிதில் கண்டறிந்தனர். தீர்க்கரேகைக்கு அப்படி ஒரு வானக்குறி இல்லை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. எனவே புறப்பட்ட துறைமுகத்தின் நேரமும் கப்பல் இருக்குமிடத்தின் நேரமும் தெரிந்தால், இரண்டின் வேறுபாட்டிலிருந்து தீர்க்கரேகையைக் கணக்கிடலாம். உள்ளூர் நேரத்தைச் சூரியன் காட்டிவிடும். துறைமுக நேரத்தைக் காட்டக் கப்பலில் ஒரு கடிகாரம் வேண்டும். ஆனால் ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் ஓடாது. அன்றைய சட்டைப்பைக் கடிகாரங்களோ நாளொன்றுக்கு நிமிடக்கணக்கில் பிழை காட்டின.

1707-இல் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நான்கு, தாம் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்துச் சில்லி தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். 1714-இல் நாடாளுமன்றம் தீர்க்கரேகைச் சட்டத்தை இயற்றியது. அரைப் பாகைப் பிழைக்குள் தீர்க்கரேகையைக் கண்டறியும் முறைக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவிக்கப்பட்டது. குறைந்த துல்லியத்துக்கு 15,000, 10,000 என இரண்டு சிறிய பரிசுகளும் இருந்தன.

தேவையை எண்களில் வரையறுத்த விதத்தில் இச்சட்டம் குறிப்பிடத்தக்கது. அரைப் பாகை என்பது நேரத்தில் இரண்டு நிமிடம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஆறு வாரப் பயணம் என்று கொண்டால், கடிகாரம் நாளொன்றுக்கு மூன்று வினாடிக்கு மேல் பிழைக்கக்கூடாது. அதுவும் அலையிலும் உப்புக்காற்றிலும் வெப்பநிலை மாற்றத்திலும். ஐசக் நியூட்டன் உள்ளிட்ட அறிஞர்கள் அப்படிப்பட்ட கடிகாரம் கைகூடும் என நம்பவில்லை. விடை வானியலிலிருந்தே வரும் என்பது அவர்கள் எண்ணம்.

முதல் மூன்று கடிகாரங்கள்

1730-இல் தம் வரைபடங்களுடன் இலண்டன் சென்ற ஹாரிசன், அரச வானியலாளர் எட்மண்ட் ஹாலியைச் சந்தித்தார். ஹாலி அவரைப் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரகாமிடம் அனுப்பினார். முன்பின் அறியாத அந்த நாட்டுப்புறத் தச்சருக்குக் கிரகாம் வட்டியின்றிப் பணம் கடன் கொடுத்தார்.

ஐந்தாண்டு உழைப்பில் உருவான முதல் கடற்கடிகாரம் இன்று எச்-1 எனப்படுகிறது. எடை ஏறத்தாழ 34 கிலோகிராம். ஊசலுக்குப் பதிலாக, விற்சுருள்களால் இணைக்கப்பட்ட இரு தண்டுகள் எதிரெதிர்த் திசைகளில் ஆடின. கப்பலின் ஆட்டம் ஒன்றை விரைவுபடுத்தினால் மற்றொன்றைத் தாமதப்படுத்தும், எனவே விளைவு நீங்கிவிடும். 1736-இல் அது லிஸ்பனுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டது. திரும்பும் வழியில் கரை தென்பட்டபோது, மாலுமிகள் ஒரு முனையெனக் கருதியதை ஹாரிசன் தம் கடிகாரத்தைக் கொண்டு வேறொரு முனை என்றார். அவர் கூற்றே சரியாயிற்று. கப்பலின் கணிப்பு ஏறத்தாழ 100 கி.மீ. தவறியிருந்தது.

அடுத்து நிகழ்ந்தது வியப்புக்குரியது. 1737-இல் தீர்க்கரேகை வாரியம் கூடியபோது, அவர் பரிசுக்குரிய மேற்கிந்தியச் சோதனையைக் கேட்டிருக்கலாம். மாறாக, தம் கடிகாரத்தின் குறைகளைத் தாமே எடுத்துரைத்து, மேம்பட்ட ஒன்றைச் செய்ய 500 பவுண்டு மட்டும் கேட்டார். எச்-2 இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. ஆனால் கப்பல் திசைதிரும்பும்போது ஆடும் தண்டுகளின் வேகம் மாறுவதை அவர் கண்டறிந்தார். இது கட்டுமானக் குறை அன்று, அடிப்படை வடிவமைப்பின் குறை. ஆகவே எச்-2 கடலுக்கே அனுப்பப்படவில்லை.

எச்-3 அவரது வாழ்வில் பத்தொன்பது ஆண்டுகளை விழுங்கியது. தண்டுகளுக்குப் பதிலாக வட்டச் சமன்சக்கரங்கள் வந்தன. வெப்பநிலையை ஈடுசெய்யப் பித்தளையும் எஃகும் ஒட்டிய ஈருலோகப் பட்டையையும், உராய்வைக் குறைக்கக் கூட்டுக்குள் அடங்கிய உருளைத் தாங்கியையும் இதற்காகவே உருவாக்கினார். ஈருலோகப் பட்டை பின்னாளில் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் இடம்பெற்றது. உருளைத் தாங்கி இன்று இயந்திரங்களில் எங்கும் காணப்படுகிறது. எனினும் எச்-3 எதிர்பார்த்த துல்லியத்தை எட்டவில்லை. 1749-இல் அரச கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியபோதும் அவர் அதனுடனேயே போராடிக்கொண்டிருந்தார்.

எச்-4

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1750-களின் தொடக்கத்தில் ஹாரிசன், தம் சொந்த உபயோகத்துக்காக ஜான் ஜெஃப்ரிஸ் என்பவரிடம் ஒரு சட்டைப்பைக் கடிகாரம் செய்வித்தார். வடிவமைப்பு ஹாரிசனுடையது. அது எதிர்பார்த்ததைவிட மிக நன்றாக ஓடியது. பெரிய சக்கரம் மெதுவாக ஆடுவதைவிட, சிறிய சக்கரம் விரைவாகவும் விசையுடனும் ஆடினால் வெளி அசைவுகள் அதைக் குறைவாகவே பாதிக்கும் என்பது அவருக்குப் புலப்பட்டது. அறுபது வயதை எட்டியிருந்த ஒருவர், கால் நூற்றாண்டாகத் தாம் நடந்த பாதை தவறு என ஒப்புக்கொண்டு புதிய பாதையில் இறங்கினார்.

1759-இல் முடிந்த எச்-4, ஏறத்தாழ 13 செ.மீ. விட்டமுள்ள பெரிய சட்டைப்பைக் கடிகாரம் போன்றது. வினாடிக்கு ஐந்து முறை துடித்தது. தேய்மானத்தைத் தடுக்க அதன் சிறு நாக்குகள் வைரத்தால் ஆனவை. 1761-இல் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்கு எடுத்துச் சென்றார். முன்பே அறிந்த தினசரி மாறுபாட்டைக் கழித்தபின், 81 நாட்களில் பிழை 5.1 வினாடி மட்டுமே.

வாரியத்துடன் பிணக்கு

வாரியம் இதை ஏற்கவில்லை. தினசரி மாறுபாடு முன்கூட்டியே அறிவிக்கப்படவில்லை என்றும், ஜமைக்காவின் தீர்க்கரேகையே உறுதியாகத் தெரியாது என்றும் கூறி மறு சோதனை கேட்டது. 1764-இல் பார்படோசுக்கு நடந்த பயணத்தில் 47 நாட்களில் பிழை 39.2 வினாடி. தூரத்தில் இது ஏறத்தாழ 18 கி.மீ. சட்டம் கேட்டதைவிட மூன்று மடங்கு துல்லியம். இருப்பினும் 1765-இல் புதிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. கடிகாரத்தின் இரகசியத்தை வெளியிட்டு, எல்லாக் கடிகாரங்களையும் ஒப்படைத்தால் பாதிப் பரிசு. மறுபாதிக்குப் பிறராலும் அதைப் படியெடுக்க இயலும் என மெய்ப்பிக்க வேண்டும்.

ஹாரிசனைப் பற்றிய நூல்கள் பலவும் இவ்விடத்தில் வாரியத்தை, குறிப்பாக அரச வானியலாளர் நெவில் மாஸ்கலினை, எதிர்நாயகராகச் சித்திரிக்கின்றன. மாஸ்கலின் நிலவின் இருப்பைக் கொண்டு தீர்க்கரேகை அறியும் போட்டி முறையின் ஆதரவாளர். ஹாரிசனின் கடிகாரங்களைச் சோதிக்கும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. இது முறையன்று. ஆனால் வாரியத்தின் ஐயத்தை முற்றிலும் புறந்தள்ளவும் முடியாது. ஒரே ஒரு மாதிரி நன்றாக இயங்குவது வேறு, கடற்படை முழுவதற்கும் செய்துதர முடிவது வேறு. சட்டத்தில் இல்லாத அந்த நிபந்தனையை வெற்றிக்குப் பிறகு சேர்த்ததுதான் அநீதி.

நிபந்தனைகளுக்கு உடன்பட்டு ஹாரிசன் பாதிப் பரிசைப் பெற்றார். லார்கம் கெண்டல் என்பவர் எச்-4-ஐப் படியெடுத்துச் செய்த கடிகாரத்தை, 1772 முதல் 1775 வரையிலான தம் இரண்டாம் பயணத்தில் ஜேம்ஸ் குக் பயன்படுத்தி மனம் நிறைந்தார். அதற்குள் ஹாரிசன், பார்வை மங்கிய முதுமையில் எச்-5-ஐயும் செய்து முடித்திருந்தார். முறையீடு மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் சென்றது. 1772-இல் மன்னர் தம் சொந்த ஆய்வுக்கூடத்தில் பத்து வாரங்கள் அதைச் சோதித்தார். பிழை நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு வினாடி அளவே இருந்தது. 1773-இல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு வழங்கியது. அப்போது அவருக்கு வயது 80. வாரியம் முழுப் பரிசை யாருக்குமே அறிவிக்கவில்லை.

மறைவுக்குப் பின்

ஹாரிசன் 1776-இல் இலண்டனில் காலமானார். கவனிப்பாரற்றுத் துருவேறிக் கிடந்த அவரது கடிகாரங்களை, 1920 முதல் கடற்படை அதிகாரி ரூபர்ட் கூல்டு பல ஆண்டுகள் உழைத்துச் சீர்செய்தார். முதல் நான்கும் கிரீனிச் அரச வானாய்வகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. எச்-4 மட்டும் ஓடவிடப்படுவதில்லை. அதற்கு எண்ணெய் தேவை, ஓடினால் தேயும்.

1775-இல் வெளியிட்ட நூலில், தம் முறைப்படி செய்த ஊசல் கடிகாரம் நூறு நாட்களில் ஒரு வினாடிக்குள் நேரம் காக்கும் என அவர் எழுதியிருந்தார். அன்று அது முதியவரின் பிதற்றல் என எள்ளப்பட்டது. அவரது கொள்கைகளைப் பின்பற்றி மார்ட்டின் பர்ஜஸ் உருவாக்கத் தொடங்கிய கடிகாரம் ஒன்று கிரீனிச்சில் முத்திரையிட்டுச் சோதிக்கப்பட்டது. 2015-இல் வெளியான முடிவின்படி, நூறு நாட்களில் அது காட்டிய பிழை ஒரு வினாடியில் எட்டில் ஐந்து பங்கு.