பிளாட்டினம் தீர்ந்தபோது கமெராவை ஓரம் வைத்தவர்

இடம்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பம் தொலைந்துபோனது. அதனாலோ என்னவோ, ஊடகக் கற்கைகள் படித்த நாட்களில் பிரெடெரிக் எவன்ஸ் என்ற பெயர் மனதில் தங்கிவிட்டது.

1853 இல் லண்டனில் பிறந்த எவன்ஸ் ஒரு புத்தகக் கடைக்காரர். 1898 இல் கடையை விட்டபின், பேராலயங்களைப் படமெடுப்பதே அவரது வேலையானது. சரியான வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடப்பார். வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த படிக்கட்டுகள் அலைகளாகத் தெரியும் 'படிகளின் கடல்' 1903 இல் எடுத்தது.

அவர் நம்பியது பிளாட்டினம் கடதாசியை. வில்லியம் வில்லிஸ் 1873 இல் காப்புரிமை பெற்ற முறை அது. இரும்பு ஒட்சலேற்றும் பிளாட்டினம் உப்பும் கலந்த கரைசலைக் கடதாசியில் சீராகப் பூசி உலர்த்துவார்கள். நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால் இரும்பு மாற்றமடையும். உருத்துலக்கும் கரைசலில் அந்த இரும்பு பிளாட்டினத்தை உலோகமாகப் படியவைக்கும். எஞ்சிய இரும்பை ஐதான அமிலம் அகற்றும். படம் மேற்பூச்சில் அல்ல, கடதாசியின் நாரிலேயே தங்கும்; எளிதில் மங்காது.

இன்று விரும்புவோர் தூரிகையால் தாங்களே பூசுகிறார்கள். எவன்ஸ் நம்பியிருந்தது விலைக்கு வாங்கும் கடதாசியை. முதலாம் உலகப்போரில் பிளாட்டினம் வெடிமருந்துத் தேவைக்குப் போனது, விலை எகிறியது. மாற்றாகப் பல்லேடியம் கடதாசி வந்தும் அவர் பெரும்பாலும் கமெராவை ஓரம் வைத்துவிட்டார். 1943 இல், 90 வயதை நெருங்கியபோது மறைந்தார்.

என் தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அம்மாவின் படம் ஒன்றைக்கூட நான் இன்னும் கடதாசியில் அச்சிடவில்லை.